முடி கொட்டுகிறதா? வைத்தியர் தலையைப் பார்க்காமல் பதிலைப் படியுங்கள்!

முடி கொட்டுகிறது என்று என்னிடம் வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது சுவரில் மாட்டியிருக்கும் சர்ட்டிபிகேட்டை அல்ல, என் தலையைத்தான். நெற்றியில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் பளபளவென்று இருக்கும். பெரும்பாலானவர்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஒரு அம்மா மட்டும் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "ஏன் டாக்டர், உங்க தைலத்தை நீங்க தேய்ச்சுக்கிறதே இல்லையா?"

தேய்த்தேன் அம்மா, நிறையவே தேய்த்தேன். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து முடித்து வெளியே வந்தபோது எனக்கு நல்ல அடர்த்தியான கிராப்பு. முப்பதைத் தாண்டியதும் இரண்டு பக்க நெற்றியும் மேலே ஏற ஆரம்பித்தது. கரிசலாங்கண்ணித் தைலம், பொன்னாங்கண்ணித் தைலம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தூக்கம் சுகமாக வந்தது, கண் எரிச்சல் குறைந்தது. முடி மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. என் அப்பாவுக்கும் இதே தலை, தாய்மாமனுக்கும் இதே தலை.

அந்த அனுபவத்தால்தான் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவேன். முடி கொட்டுவது என்பது ஒரே வியாதி இல்லை. பத்து விதமான காரணங்களுக்கு வெளியே தெரிகிற ஒரே அடையாளம். காரணம் தெரியாமல் காசைக் கொட்டினால் முடியும் போகும், காசும் போகும். அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"தலை சீவினாலே கொத்தாக வருகிறது. எது சகஜம், எது வியாதி?"

நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு வருஷம் முதல் ஆறு வருஷம் வரை வளரும், மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். அப்புறம் வேருக்கு ஓய்வு. மூன்று மாதம் போல ஓய்ந்திருந்துவிட்டு, அந்த முடி உதிர்ந்து அதே குழியில் புதிசு முளைக்கும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயற்கை. தினமும் தலைக்குக் குளிக்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை குளிக்கிற பெண்களுக்கு ஒரு வாரத்து முடியும் சேர்ந்து ஒரே நாளில் கையோடு வரும். பார்த்ததும் அலறிவிடுவார்கள். அலற வேண்டாம். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கூடி, அது வாரக்கணக்கில் நீடித்தால், வகிடு அகலமானால், மண்டைத் தோல் தெரிய ஆரம்பித்தால்தான் கவனிக்க வேண்டும்.

"போன மாதம் ஷாம்பூவை மாற்றினேன். அதிலிருந்து கொட்டுகிறது. ஷாம்பூதானே காரணம்?"

பெரும்பாலும் இல்லை. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன்: "மூணு மாசத்துக்கு முன்னாடி வீட்ல என்ன நடந்துச்சு?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா டாக்டர், அப்பதான் டெங்கு வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தேன்" என்பார்கள். டைபாய்டு, ஆபரேஷன், பிரசவம், ஒரே மாதத்தில் பட்டினி கிடந்து எடை குறைத்தது, தாங்க முடியாத துக்கம், எதுவாகவும் இருக்கலாம். 2020, 2021-ல் கொரோனா வந்து எழுந்தவர்கள் வரிசையாக வந்து இதையேதான் சொன்னார்கள். உடம்புக்கு ஒரு பெரிய அடி விழும்போது ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக் காலம் முடிந்து உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால்தான் காய்ச்சலை மறந்துவிட்டு, கைக்கு அருகில் இருக்கும் ஷாம்பூ மேலும் போர் தண்ணீர் மேலும் பழி போடுகிறோம்.

இந்த வகையில் வேர் சாவதில்லை. ஆறு மாதம், சிலருக்கு ஒன்பது மாதத்தில் தானாகவே திரும்ப வந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயம் யார் எந்த எண்ணெய் விற்றாலும் அந்த எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கும். என் தைலத்துக்கும் அப்படிச் சில நல்ல பெயர்கள் சும்மா கிடைத்திருக்கின்றன.

ஆனால் ஒன்று. ஆறு மாதமாகியும் நிற்காமல் கொட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தாயார் 24 வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். "நல்ல எண்ணெயா ஒண்ணு குடுங்க டாக்டர். பொண்ணு பாக்க வர்றாங்க. சவுரி வெச்சுப் பின்ன வேண்டியிருக்கு." நான் தலையைப் பார்ப்பதற்கு முன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்த காகிதம். நகமும் அப்படித்தான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். மாதவிலக்கு எத்தனை நாள் என்று கேட்டால் அம்மா முந்திக்கொண்டு, "அதெல்லாம் நார்மல்தான்" என்றார். பெண் மெதுவாக, "எட்டு நாள், ஒன்பது நாள் போகும் டாக்டர்" என்றாள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. பெண்கள் மருத்துவரிடம் அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. அதற்கு அங்கே சிகிச்சை, ரத்தத்துக்கு இரும்புச் சத்து. எண்ணெய் கேட்டு வந்த பெண்ணுக்கு நான் எண்ணெயே கொடுக்கவில்லை. அந்தத் தாயாருக்கு என் மேல் கொஞ்சம் மனத்தாங்கல்கூட. வருஷம் திரும்பும்போது பெண் சவுரி இல்லாமல் பின்னிக்கொண்டு வந்து நின்றாள்.

அதனால், பெண்களுக்கு முடி நிற்காமல் கொட்டினால் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போய், முகத்தில் ரோமமும் பருவும் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்க்க வேண்டும். கரிசாலையும் அயச்செந்தூரமும் எங்கள் மருத்துவத்தில் ரத்தம் ஊறக் கொடுக்கும் மருந்துகள். ஆனால் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் ஊறுவதற்கு மட்டும் மருந்து கொடுப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். சாப்பிட்ட உடனே காபி, டீ குடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது விடாது. கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

"அப்பாவுக்கு வழுக்கை. எனக்கும் நெற்றி ஏறுகிறது. தடுக்க முடியுமா?"

இதுதான் என் கேஸ்! ஆண் ஹார்மோனிலிருந்து டி.எச்.டி. என்று ஒன்று உண்டாகிறது. அது எல்லோர் உடம்பிலும்தான் இருக்கிறது. சிலருடைய வேர்கள் மட்டும் பிறவியிலேயே அதைத் தாங்காது. முன் பக்கமும் உச்சியும் உள்ள வேர்கள் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, கனத்த முடி பூனை ரோமமாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது. பின்னந்தலையிலும் காதோரத்திலும் உள்ள வேர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அம்மா வழியில்தான் வரும் என்பது பாதி உண்மை. இரண்டு வழியிலும் வரும். ஹெல்மெட்டால் வருவதில்லை, அதைச் சாக்காக வைத்து ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

இதை எந்தத் தைலமும் தடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு சித்த வைத்தியர் இப்படி எழுதுகிறாரே என்று என் சகாக்கள் சிலர் கோபிக்கக்கூடும். வழுக்கையைக் குணமாக்குவதாகவோ புது முடி முளைக்க வைப்பதாகவோ மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையிலேயே இருக்கிறது. விளம்பரக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில மருத்துவத்தில் இரண்டு மருந்துகள் ஓரளவு வேலை செய்கின்றன. நான் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். ஒன்று, மினாக்சிடில். ரத்தக்கொதிப்புக்காக வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் ரோமம் முளைக்கவே, தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகவே கொட்டும். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததும் சில மாதங்களில் போய்விடும்.

இன்னொன்று ஃபினாஸ்டிரைடு மாத்திரை, 1 மில்லிகிராம். 1997-ல் வந்தது. டி.எச்.டி. உண்டாவதைக் குறைக்கிறது. சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற தொந்தரவுகள் வருவதுண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் இதைச் சாப்பிடவும் கூடாது, உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதற்கு ஆபத்து. ஐம்பது தாண்டியவர்கள் புராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். மெடிக்கல் ஷாப்பில் நண்பன் சொன்னான் என்று வாங்கிச் சாப்பிடுகிற மருந்தில்லை இது.

"முடி மாற்று சிகிச்சை செய்துகொண்டால் நிரந்தரத் தீர்வா?"

போன வருஷம் கார்த்திகை மாதம் ஒரு அப்பாவும் பிள்ளையும் வந்தார்கள். பையனுக்கு 27 வயது, நல்ல வேலை. இரண்டு இடத்தில் பெண் வீட்டார் தலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்களாம். மூன்றாவது இடம் கூடி வந்து தையில் கல்யாணம். அதற்குள் முடி நட்டுவிட வேண்டும், மனைவியின் வளையலை அடகு வைத்தாவது பணம் கட்டுகிறேன் என்றார் அப்பா. ஒரு சென்டரில் முன்பணமும் பேசி முடித்தாயிற்று. என்னிடம் வந்தது, ஆபரேஷனுக்குப் பிறகு சூடு தணிய என்ன சாப்பிடலாம் என்று கேட்கத்தான்!

அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தச் சிகிச்சை நாற்று நடுகிற மாதிரி. பின்னந்தலைதான் நாற்றங்கால். அங்கே உள்ள வேர்களுக்கு டி.எச்.டி. பயம் இல்லை என்றேன் அல்லவா? அதைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது. நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950-களில் இதைச் செய்துகாட்டி 1959-ல் எழுதினார். அப்போதெல்லாம் கொத்துக் கொத்தாக நட்டார்கள், பொம்மைத் தலை மாதிரி இருக்கும். இன்று ஒன்று முதல் நாலு முடி வரை உள்ள சின்னச் சின்ன வேர்த்தொகுதியாக நடுகிறார்கள். அதைத்தான் கிராஃப்ட் என்கிறார்கள். பின்னந்தலையில் தோலை ஒரு பட்டையாக வெட்டியெடுத்துப் பிரிப்பது ஒரு முறை. அதில் கோடாகத் தழும்பு இருக்கும். ஒவ்வொரு வேராகத் துளைத்து எடுப்பது எஃப்.யூ.இ. என்ற இன்னொரு முறை. தழும்பே வராது என்பார்கள். வரும், புள்ளிப் புள்ளியாக. ஒட்ட வெட்டினால் தெரியும்.

நட்ட முடி இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும். மூன்று நாலு மாதம் கழித்துத்தான் முளைக்க ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம். கார்த்திகையில் நட்டுக்கொண்டு தையில் மணவறையில் உட்கார்ந்தால், இருந்ததும் உதிர்ந்து, தோல் சிவந்து, இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் இருக்கும். தைக் கல்யாணத்துக்கு முந்தின தையிலேயே செய்திருக்க வேண்டும். இதை அந்தச் சென்டரில் சொன்னார்களா என்று கேட்டேன். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த விஷயம், நாற்றங்கால் சின்னது. ஒருவர் பின்னந்தலையிலிருந்து ஆயுசுக்கும் எடுக்கக்கூடியது சுமாராக 4,000 முதல் 6,000 கிராஃப்ட்தான். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. இருபத்திரண்டு வயசில் அவசரப்பட்டு நெற்றியை இறக்கி நட்டுக்கொண்டால், நட்டது அப்படியே நிற்கும், அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி வருஷா வருஷம் கொட்டிக்கொண்டே போகும். முன்னால் ஒரு வரப்பு, நடுவில் ஒரு பொட்டல்! அதை நிரப்ப நாற்றங்காலில் சரக்கு இருக்காது. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் இளம் வயசுக்காரர்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். நட்ட பிறகும் இருக்கிற முடியைக் காப்பாற்ற மேலே சொன்ன மருந்துகளைத் தொடரச் சொல்வார்கள். ஒரு தடவை செய்தால் போதும் என்கிற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இது அழகு நிலைய வேலையும் அல்ல. மணிக்கணக்கில் நடக்கும் ஆபரேஷன். மண்டை முழுக்க மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். அதன் அளவு உடம்பு எடையை மீறினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொள்ளப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்தே போனார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைக்கே இந்தக் கதி. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், முறையாக அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது பயிற்சி ஆகாது, அவசரத்துக்கு வேண்டிய ஏற்பாடு அங்கே இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோதான் சரியான ஆள். என்னைப் போன்ற சித்த மருத்துவர் செய்கிறேன் என்று போர்டு வைத்திருந்தாலும் உள்ளே போகாதீர்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: கத்தி பிடிக்கப்போகிற டாக்டர் யார், அவரை நான் இன்று பார்க்க முடியுமா? துளைத்து எடுப்பது அவரா, உதவியாளரா? மயக்கமானால் பார்க்க யார் இருக்கிறார்கள்? எத்தனை கிராஃப்ட் என்பதை எழுதித் தருவீர்களா? கிராஃப்ட் கணக்கில்தான் காசு என்பதால் இந்தக் கேள்வி முக்கியம். பதில் சொல்ல வேண்டிய டாக்டருக்குப் பதிலாக டை கட்டிய கவுன்சிலர் வந்து, இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி, மாதத் தவணையும் உண்டு என்றால், வெளியே காற்றோட்டமாக ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்கக் கூடாது.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்ததாம். கல்யாணத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டான். பெண்ணிடம் முன்கூட்டியே போனில் பேசினானாம், அவள் சிரித்தாளாம். நடுவதா வேண்டாமா என்று இருவரும் சேர்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வட்டமாக, காசு அளவுக்கு முடி போய்விட்டது. புழு வெட்டியதா?"

புழுவெட்டு என்று பேர்தானே தவிர, புழுவும் இல்லை பூச்சியும் இல்லை. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே குழம்பிப்போய் முடி வேரைத் தாக்குவதால் வருவது. வேர் சாகாது. ஒன்றிரண்டு வட்டம் என்றால் பலருக்கும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பது நம் பாட்டி வைத்தியம். பாக்தாத்தில் செய்த ஒரு சின்ன ஆய்வில் வெங்காயச் சாறு தடவியவர்களில் பெரும்பாலோருக்கு முளைத்தது என்று 2002-ல் எழுதியிருக்கிறார்கள். சின்ன ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். தோல் எரிந்தால் நிறுத்திவிடுங்கள். ஆற்றுத்தும்மட்டிக் காயையும் தேய்ப்பார்கள், அது கடுமையானது. வைத்தியர் பார்க்காமல் வேண்டாம், குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். வட்டங்கள் பெருகினால், புருவமும் போனால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடி நடுவது இதற்கு மருந்தில்லை. குழந்தை தலையில் வட்டத்தோடு அரிப்பும் செதிலும் இருந்தால் அது படை. அதற்கு உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும், சீப்பையும் தலையணையையும் தனியாக வைக்க வேண்டும்.

"முடிக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?"

பயோட்டின் குறைவு நம்மில் அபூர்வம். குறைவில்லாதவர்களுக்குப் பெரிய பலன் கிடையாது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தப்பாகக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் பரிசோதனையையும் குழப்பக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017-ல் எச்சரித்தது.

"மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா?"

பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டிருந்தால் சந்தோஷமாக அடியுங்கள். அடர்த்திக்காக என்றால் வேண்டாம். நுனி மழுங்கி வளர்வதால் கைக்குக் கனமாகத் தெரிகிறது. குழியின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும்.

"அப்படியானால் எண்ணெய், தைலம் எல்லாம் வீணா டாக்டர்?"

யார் சொன்னது? வாரம் இரண்டு எண்ணெய் முழுக்கை நான் இன்றும் விடவில்லை, தேய்க்க முடி இல்லாவிட்டாலும்! எங்கள் முறையில் பித்தம் தணிவதற்கும் கண்ணுக்குக் குளிர்ச்சிக்கும் உறக்கத்துக்கும் அது. இருக்கிற முடிக்கும் நல்லது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று ஆய்விலேயே தெரிந்திருக்கிறது. முடி உடையாது, சிக்கு விழாது. நுனி உடைந்து போவதையே பலர் கொட்டுகிறது என்று நினைக்கிறார்கள். அதற்கு இது போதும். இழுத்துக் கட்டிய குதிரைவாலையும் கொஞ்சம் தளர்த்திவிட்டால் நெற்றியோர முடி பிழைக்கும்.

கடையில் வாங்கினால் லேபிளில் தயாரித்தவர் பெயர், உரிம எண், சேர்ந்த சரக்குகள் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வீட்டிலேயே காய்ச்சுவது சுலபம். வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியைச் சுத்தமாகக் கழுவி, இடித்துச் சாறு பிழியுங்கள். சாறும் தேங்காய் எண்ணெயும் சம அளவு. அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வையுங்கள். ஈரம் சுண்டச் சுண்டச் சலசலப்பு அடங்கும். அடியில் படிந்த கசடை விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் போல நறநறக்க வேண்டும். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். அமைதியாக எரிந்தால் இறக்கி ஆறவைத்து, வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வையுங்கள். எண்ணெய் கரும்பச்சையாக இருக்கும். பளீரென்று கிளிப்பச்சையில் கடையில் கிடைத்தால் அது சாயம். பொடுகு அதிகமாக இருக்கிறவர்கள், சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள் ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள். அரை மணி நேரம் போதும், சீயக்காயோ மிதமான ஷாம்பூவோ போட்டு அலசிவிடலாம்.